வாசகர் கேள்வி – பதில்: தானியத்தில் கை வைத்த தளபதி

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது கோரியோலானஸ் என்கிற பழைய ரோமானியத் தளபதியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சொந்த ஊரால் துரத்தப்பட்டு, எதிரிகளின் படைக்கே தலைமை தாங்கித் திரும்பி வந்து, கடைசியில் பெற்ற தாய் பேசியதைக் கேட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போனவர் என்று. அந்த நாலு வரிக்கு மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அதனால் இந்த இதழில் முழுக்க அவர்தான். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: சார், நீங்கள் எழுதிய நாலு வரி போதவில்லை. இவர் யார், எந்தக் காலம், என்ன செய்தார்? முழுக் கதையையும் சொல்லுங்கள்.

சொல்கிறேன் தம்பி. பெயர் கேயஸ் மார்சியஸ். காலம் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கம், அதாவது ஜூலியஸ் சீசருக்கு 400 வருஷத்துக்கு மேல் முந்தியவர். ரோம் என்றதும் பேரரசு, பளிங்கு மாளிகை, கடல் கடந்த படைகள் என்று நினைக்காதீர்கள், அதெல்லாம் ரொம்பப் பின்னால். இவர் காலத்து ரோம், கி.மு. 509இல் மன்னரைத் துரத்திவிட்டு, வருஷத்துக்கு இரண்டு கான்சல்களைத் தேர்ந்தெடுத்துத் தன்னைத்தானே ஆள ஆரம்பித்திருந்த சின்ன ஊர். சுற்றிலும் பகை. தெற்கே மலையிலிருந்து இறங்கி வந்த வோல்ஸ்கி என்கிற கூட்டத்தோடு ஓயாத சண்டை.

மார்சியஸ் சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர், அம்மா வளர்த்த பிள்ளை. புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர் இவர் வாழ்க்கையை விரிவாக எழுதியிருக்கிறார். மற்றவர்கள் புகழுக்காகச் சண்டை போட்டார்கள், இவர் அம்மா முகத்தில் சந்தோஷத்தைப் பார்ப்பதற்காகச் சண்டை போட்டார், அம்மா காட்டிய பெண்ணையே கட்டினார், பிள்ளைகள் பிறந்த பிறகும் அம்மா வீட்டிலேயே இருந்தார் என்கிறார் அவர். ரெஜில்லஸ் ஏரிக்கரைப் போரில் கீழே விழுந்த சக வீரன் ஒருவனைக் காப்பாற்றியதற்காக ஓக் இலைக் கிரீடம் கிடைத்ததாம், அப்போது இவர் இளந்தாரி.

கி.மு. 493இல் கான்சல் கொமினியஸ் வோல்ஸ்கிகளின் கோரியோலி என்ற ஊரை முற்றுகையிட்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள் திடீரென்று கதவைத் திறந்துகொண்டு பாய்ந்தார்கள், அதே நேரத்தில் வெளியிலிருந்து இன்னொரு வோல்ஸ்கிப் படையும் வந்துவிட்டது. காவலில் இருந்த மார்சியஸ் கையில் கிடைத்த ஆட்களோடு பாய்ந்தவர்களை எதிர்த்துத் தள்ளி, அவர்கள் பின்வாங்கிய கதவு வழியாகவே ஊருக்குள் நுழைந்து தீ வைத்தார். ஊர் விழுந்தது. கொள்ளைப் பொருளில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள் என்று கான்சல் சொன்னதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு குதிரையை மட்டும் ஏற்றுக்கொண்டாராம். அதோடு ஒரு வேண்டுகோள் வைத்தார்: பிடிபட்ட வோல்ஸ்கிகளில் தனக்கு விருந்து வைத்துப் பழகிய நண்பர் ஒருவர் இருக்கிறார், அவரை அடிமையாக விற்றுவிடாதீர்கள் என்று. ஊரைப் பிடித்ததால் வந்த பட்டம்தான் கோரியோலானஸ்.

அப்புறம் தானியத் தகராறு, நாடு கடத்தல், எதிரியிடம் அடைக்கலம், படையெடுப்பு, அம்மா. ஒவ்வொன்றையும் மற்ற வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள், அங்கேயே பார்ப்போம்.

மேலூர், விவசாயி: அண்ணே, இவ்வளவு வீரம் காட்டிய ஆளை அந்த ஊர் மக்கள் ஏன் விரட்டினார்கள்? நன்றி கெட்ட சனமா?

இல்லை அண்ணே. நான் இந்தக் கதையில் சண்டை போட நினைப்பதே இந்த இடத்தில்தான். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அம்மா பிள்ளை பாசத்தில் கண்ணீர் விட்டுவிட்டு, நடுவில் இருக்கிற தானிய மூட்டையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் விவசாயி, உங்களுக்கு அது உடனே பிடிபடும்.

ரோமில் மேல்குடியினர், சாமானியர் என்று இரண்டு பிரிவு. செனட்டும் பதவிகளும் மேல்குடியினரிடம். சாமானியர் பெரும்பாலும் சின்ன விவசாயிகள், போர் வந்தால் கலப்பையை விட்டுவிட்டு ஆயுதம் எடுக்க வேண்டியவர்கள். திரும்பி வந்து பார்த்தால் பயிர் போயிருக்கும், வரி நிற்கும், கடன் வாங்க வேண்டும். கட்ட முடியாவிட்டால் கடன் கொடுத்தவன் ஆளையே பிடித்து வைத்து வேலை வாங்கலாம், சட்டமே அப்படி. கி.மு. 494இல் பொறுக்க முடியாமல் சாமானியர்கள் கூட்டமாக ஊரை விட்டு வெளியேறி, பக்கத்தில் இருந்த ஒரு குன்றின் மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். யாரையும் அடிக்கவில்லை, எதையும் எரிக்கவில்லை. உழவும் கிடையாது, போரும் கிடையாது என்று உட்கார்ந்தார்கள். செனட் இறங்கி வந்தது. சாமானியர்களுக்காகப் பேசவும், அதிகாரிகளைத் தடுக்கவும் டிரிபியூன் என்ற பதவி அப்போதுதான் பிறந்தது. அவர்கள் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது சத்தியம்.

ஆனால் அந்த வருஷம் நிலம் உழாமல் கிடந்தது. கி.மு. 492இல் கடும் பஞ்சம். கான்சல்கள் கடலோரம் முழுக்க ஆள் அனுப்பித் தானியம் தேடினார்கள். கூமே என்ற ஊரில் வாங்கிய தானியத்தோடு கப்பல்களையே அந்த ஊர் ஆட்சியாளன் பிடித்து வைத்துக்கொண்டான், ரோம் துரத்திய மன்னர் குடும்பத்தின் சொத்துக்கு வாரிசு தான் என்பது அவன் வழக்கு. மறுவருஷம், கி.மு. 491இல், சிசிலியிலிருந்து நிறையத் தானியம் வந்து இறங்கியது. இனி என்ன விலைக்குக் கொடுப்பது என்று செனட்டில் பேச்சு.

அங்கே எழுந்து பேசினார் நம்ம வீரர். பழைய விலைக்குத் தானியம் வேண்டுமென்றால் செனட்டின் பழைய உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அதாவது டிரிபியூன் பதவியை ஒழித்தால்தான் மலிவு விலை. பசித்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போராடி வாங்கிய ஒரே பாதுகாப்பைப் பிடுங்கப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டத்துக்குச் செய்தி தெரிந்தபோது அங்கேயே அடித்துக் கொன்றிருப்பார்கள், டிரிபியூன்கள்தான் தலையிட்டு விசாரணைக்கு நாள் குறித்தார்கள் என்று ரோமானிய ஆசிரியர் லிவி எழுதுகிறார். யாரை ஒழிக்கச் சொன்னாரோ அவர்களால்தான் அன்று உயிர் தப்பினார். லிவியின்படி இவர் விசாரணைக்கே வரவில்லை, வராமலேயே தண்டனை. புளூட்டார்க்கின்படி வந்து நின்றார், மூன்று வாக்குப் பிரிவுகள் கூடுதலாக எதிர்த்து விழுந்ததால் தோற்றார். எப்படியானாலும் நிரந்தர நாடு கடத்தல்.

நம் பக்கம் 1876–78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சனம் செத்துக்கொண்டிருந்தபோதும் இந்த நாட்டுத் தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த ஞாபகம் உள்ள மண்ணில் இருந்துகொண்டு ரோமானிய சாமானியரை நன்றி கெட்டவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

உசிலம்பட்டி, வாசகர்: ஓட்டுக் கேட்க உடம்பில் இருந்த தழும்புகளைக் காட்ட மாட்டேன் என்று மறுத்தவர் இவர்தானே? அந்தத் தன்மானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் சொல்வது ஷேக்ஸ்பியரின் கோரியோலானஸ். அவர் 1608 வாக்கில் எழுதிய நாடகத்தில் இந்தக் காட்சி பெரிதாக வருகிறது: கான்சல் பதவிக்கு நிற்பவர் எளிய உடையில் சந்தைவெளியில் நின்று சனங்களிடம் கேட்க வேண்டும், இவருக்கோ அது குமட்டுகிறது.

ஆனால் ஷேக்ஸ்பியர் எடுத்து எழுதிய மூலமான புளூட்டார்க்கில் அப்படி இல்லை. உள்ளாடை இல்லாமல் மேலாடை மட்டும் போர்த்திக்கொண்டு போவது அந்தக் கால வழக்கம், பணிவுக்காகவோ தழும்பு தெரிவதற்காகவோ. மார்சியஸ் போனார், காட்டினார். 17 வருஷப் போர்களின் தழும்புகள். பார்த்த சனம் வெட்கப்பட்டு, இவருக்குப் போடாமல் யாருக்குப் போடுவது என்றே பேசிக்கொண்டது. வாக்கு நாள் அன்றுதான் காரியம் கெட்டது. செனட்டர்கள் புடைசூழ ஆடம்பரமாக வந்து இறங்கினார். இந்த ஆளிடம் இவ்வளவு அதிகாரத்தையும் கொடுத்தால் நமக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று சனம் பயந்து மாறிவிட்டது. தோற்றார். அந்தக் கோபம் ஆறாமல் இருக்கும்போதுதான் தானியப் பேச்சு வருகிறது.

இன்னொன்று: வோல்ஸ்கி நண்பரை விடுவிக்கக் கேட்டார் என்றேன் அல்லவா, நாடகத்தில் அவர் பெயர் மறந்துபோய்விட்டது என்று வரும். அதுவும் ஷேக்ஸ்பியர் சேர்த்தது.

தழும்பு என்று நீங்கள் ஆரம்பித்ததால் இன்னொருவரைச் சொல்லியே ஆக வேண்டும். கி.மு. 495இல், இந்தக் கலகத்துக்கெல்லாம் முன்னால், கிழவர் ஒருவர் ரோமின் சந்தைவெளிக்கு ஓடி வந்தார் என்று லிவி எழுதுகிறார். அழுக்குத் துணி, வெளிறிய உடம்பு, சடைபிடித்த தாடி. பார்த்தவர்களுக்கு அடையாளம் தெரிந்தது, படையில் நூறு பேருக்குத் தலைவராக இருந்தவர். நெஞ்சில் இருந்த போர்த் தழும்புகளைக் காட்டினார். தான் போருக்குப் போயிருந்தபோது விளைச்சலும் வீடும் எரிந்தன, மாடுகளை ஓட்டிப் போனார்கள், அந்த நேரம் பார்த்து வரி வந்தது, வட்டி ஏறி ஏறி அப்பன் பாட்டன் நிலம் போனது, கடைசியில் உடம்பும் போனது என்றார். பிறகு முதுகைத் திருப்பிக் காட்டினார், கடன்காரனின் சவுக்குத் தடம் அப்போதுதான் விழுந்த மாதிரி இருந்தது. அவர் பெயரை லிவி எழுதவில்லை. மார்சியஸின் தழும்புக்குத் தலைவணங்குகிறவர்கள் இவருடையதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

மதுரை மேலமாசி வீதி, வாசகர்: ஊர் அநியாயம் செய்தது, பாதிக்கப்பட்டவர் ஊரை அழிக்க வந்தார். இது நம்ம கண்ணகி கதைதானே?

முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. கண்ணகி கேட்டது நீதி. பாண்டியன் சபையில் சிலம்பை உடைத்துக் காட்டினாள், மன்னன் தன் தவறை உணர்ந்து அங்கேயே உயிர்விட்டான். கோரியோலானஸுக்கு அப்படி உடைத்துக் காட்டச் சிலம்பு எதுவும் இல்லை, தானியத்தைப் பற்றி அவர் பேசியது எல்லாருக்கும் தெரிந்தது.

அதைவிட முக்கியமான வித்தியாசம், யாரை விட்டுவைத்தார்கள் என்பது. மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகி தீக்கடவுளிடம் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் போ என்கிறாள். கோரியோலானஸ் படையோடு வந்தபோது சாமானியர்களின் வயல்களை அழித்து, மேல்குடியினரின் நிலங்களில் கை வைக்காமல் காவல் போட்டார். ஊருக்குள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டை வரட்டும் என்பது கணக்கு, வந்தது. தானியப் பேச்சில் யார் பக்கம் நின்றாரோ பழிவாங்கும்போதும் அதே பக்கம்தான். மேலூர் அண்ணனுக்குச் சொன்னதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

அவர் எப்படி எதிரிப் படைக்குத் தலைவரானார் என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் வோல்ஸ்கித் தலைவன் ஒருவன் வீட்டுக்கு நேராகப் போய், முகத்தை மூடிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாராம். அடுப்பைச் சரணடைந்தவரை யாரும் தொட முடியாது. அந்தத் தலைவனை லிவி அட்டியஸ் டுல்லியஸ் என்கிறார், புளூட்டார்க் டுல்லஸ் ஆஃபிடியஸ் என்கிறார். இவன் பழைய பகையாளி, இருந்தும் ரோமின் மேல் இருந்த பொதுக் கோபம் இருவரையும் சேர்த்தது. பிறகு ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டே வந்து கி.மு. 488இல் ரோமுக்கு ஐந்து மைல் தள்ளிக் கூடாரம் அடித்தார்கள். ரோமானிய மைல் கொஞ்சம் சின்னது, நம்ம ஊருக்குத் திருப்பரங்குன்றம் இருக்கிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூதர்கள் போனார்கள், மறுபடியும் போனார்கள், பூசாரிகள் சடங்கு உடையோடு போனார்கள். யாரிடமும் இறங்கி வரவில்லை.

சோழவந்தான், இல்லத்தரசி: மகனைப் பெற்ற நாளைவிடப் பெரிய சந்தோஷத்தோடு அவன் பிணத்தைப் பார்த்த தாய் புறநானூற்றில் இருக்கிறாள். இந்த ரோமானிய அம்மா மகனைத் தடுத்தவள். யார் பெரியவள்?

அம்மா, நீங்கள் சொல்வது காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாட்டு. மகன் புறமுதுகு காட்டினான் என்று ஊர் சொன்னதைக் கேட்டு, உண்மையானால் பால் கொடுத்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு போய்ப் பிணங்களைப் புரட்டிப் பார்த்த கிழவி. இருவரும் கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்: நான் பெற்றவன் எந்தப் பக்கம் முகம் காட்டி நிற்கிறான்? அதனால் பெரியவள் சின்னவள் என்று பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரோமானிய அம்மாவின் பெயர் லிவியில் வெட்டூரியா, புளூட்டார்க்கில் வொலும்னியா. குழப்பம் வேண்டாம், லிவியில் வொலும்னியா என்பது மருமகள் பெயர். ஆண்கள் ஆயுதத்தால் காக்க முடியாத ஊரைப் பெண்கள் கண்ணீராலும் வேண்டுதலாலும் காக்கட்டும் என்று ஊர்ப் பெண்கள் அந்த அம்மா வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டார்கள். யோசனை அரசாங்கத்துடையதா பெண்களுடையதா என்று தனக்குத் தெரியவில்லை என்கிறார் லிவி. வலேரியா என்ற பெண்ணின் மனதில் தோன்றியது என்று புளூட்டார்க் உறுதியாகச் சொல்கிறார். அம்மா, மனைவி, இரண்டு சின்னப் பையன்கள், பின்னால் பெண்கள் கூட்டம், எதிரி முகாமை நோக்கி நடந்தார்கள்.

மகன் கட்டிக்கொள்ள ஓடி வந்தபோது அந்தக் கிழவி நிறுத்தினாள். நில், என்னைத் தொடுவதற்கு முன்னால் சொல், நான் வந்திருப்பது மகனிடமா எதிரியிடமா, இந்த முகாமில் நான் உன் தாயா கைதியா என்று கேட்டாள். நான் உன்னைப் பெறாமல் இருந்திருந்தால் ரோமுக்கு இந்த முற்றுகை வந்திருக்காது, பிள்ளையே இல்லாதவளாகச் சுதந்திரமான ஊரில் செத்திருப்பேன் என்றாள். கெஞ்சல் குறைவு, கணக்குக் கேட்பது அதிகம், லிவியில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது. புளூட்டார்க்கில் பேச்சு நீளம், முடிவில் காலில் விழுகிறாள். மகன் தூக்கிவிட்டு, அம்மா நீ ஜெயித்துவிட்டாய், ஊருக்கு அது நல்லது, எனக்கு அழிவு என்கிறார். படை திரும்பியது.

செனட் அந்தப் பெண்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டபோது பெண்களுக்கான நற்பேற்றுத் தேவிக்கு ஒரு கோயில் கேட்டார்கள். அந்தக் கோயில் உண்மையாகவே இருந்தது, லத்தீனா சாலையின் நான்காவது மைலில். பெண்கள் தங்கள் பணத்தில் வைத்த சிலை வாய் திறந்து பேசியது என்றும் ஒரு நம்பிக்கை. சிலை வியர்க்கலாம், கண்ணீர் மாதிரி ஈரம் கசியலாம், கல்லும் மரமும் அப்படிச் செய்யும், ஆனால் வாயும் தொண்டையும் இல்லாத பொருள் தெளிவாகப் பேசியது என்பதை ஏற்க முடியவில்லை என்று புளூட்டார்க் எழுதுகிறார். தெய்வ நம்பிக்கை நிறைந்த மனிதர், டெல்ஃபி கோயிலில் பூசாரியாக இருந்தவர், 1900 வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார்.

பேரையூர், வாசகர்: பிறகு அவருக்கு என்ன ஆனது? செத்தது எப்படி?

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். புளூட்டார்க்: ஆன்டியத்துக்குத் திரும்பியதும் பொறாமையில் வெந்துகொண்டிருந்த டுல்லஸ் கணக்குக் கேட்கச் சபை கூட்டினான், இவர் பேச ஆரம்பித்தால் சனம் மயங்கிவிடும் என்று அவன் ஆட்கள் பாய்ந்து கொன்றுவிட்டார்கள். ரோமில் பெண்கள் பத்து மாதம் துக்கம் காத்தார்கள், அதுதான் அங்கே மிக நீண்ட துக்கம். லிவி இன்னொன்றும் சொல்கிறார். ரோமின் மிகப் பழைய வரலாற்றாசிரியரான ஃபேபியஸ் பிக்டரின்படி இவர் கிழவராகும் வரை வாழ்ந்தார், அந்நிய மண்ணில் இருப்பது வயதானவனுக்கு இன்னும் கொடுமை என்று அடிக்கடி சொல்வாராம். ரோமானியப் பேச்சாளர் சிசரோ தற்கொலை என்று எழுதுகிறார். பீத்தோவன் 1807இல் இசையமைத்த கோரியோலான் முன்னிசை இருக்கிறதே, அது ஷேக்ஸ்பியருக்காக இல்லை, கொலின் என்ற ஆஸ்திரிய நாடகாசிரியரின் நாடகத்துக்காக. அதிலும் தற்கொலைதான்.

எனக்கு ஃபேபியஸின் முடிவுதான் மனதில் நிற்கிறது. கொலையில் ஒரு வீரனின் முடிவு கிடைத்துவிடுகிறது. கிழவராகி, இரண்டு ஊருக்கும் ஆகாதவராக வாழ்ந்து தீர்ப்பது கடினம்.

மதுரை அரசரடி, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்: ஐயா, இவர் உண்மையில் வாழ்ந்தவரா? ஆதாரம் என்ன?

ஐயா, நீங்கள் வகுப்பில் பலமுறை சொல்லியிருப்பீர்கள், எழுதியவன் எப்போது எழுதினான் என்று முதலில் பார் என்று. அங்கேயே ஆரம்பிப்போம். ஃபேபியஸ் எழுதியது கி.மு. 200 வாக்கில், சம்பவம் நடந்து 290 வருஷம் கழித்து. லிவி இன்னும் 170 வருஷம் பின்னால், ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலம். புளூட்டார்க் கி.பி. 100 வாக்கில். நடுவில் கி.மு. 390 வாக்கில் வடக்கிலிருந்து வந்த கால் (Gaul) என்கிற இனத்தார் ரோமைப் பிடித்து எரித்தபோது பழைய பதிவுகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன என்று லிவியே ஒப்புக்கொள்கிறார்.

சந்தேகத்துக்குக் காரணங்கள் உண்டு. கான்சல்கள் பட்டியலில் இவர் இல்லை, இவர் கான்சல் ஆகவே இல்லை என்பதால் அது குற்றமில்லை. ஆனால் கோரியோலிப் போருக்குத் தலைவர் கொமினியஸ். அந்த வருஷம் லத்தீனியரோடு போட்ட உடன்படிக்கை வெண்கலத் தூணில் பொறிக்கப்பட்டிருந்தது. அதில் இன்னொரு கான்சலான காசியஸ் பெயர் மட்டும் இருந்ததால்தான் கொமினியஸ் போர்முனையில் இருந்தார் என்ற நினைவே மிஞ்சியது, இல்லாவிட்டால் மார்சியஸின் புகழில் அவர் மறைந்தே போயிருப்பார் என்கிறார் லிவி. இன்னொரு இடத்தில், தான் வென்ற இனத்தின் பெயரைப் பட்டமாகப் பெற்ற முதல் தளபதி ஸிப்பியோ ஆஃப்ரிகானஸ்தான் என்று அதே லிவி எழுதுகிறார், அதுவோ கி.மு. 201. நம்மிடம் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், மதுரை கொண்ட பராந்தகன் என்று வரிசையாக உண்டு, அதனால் நமக்கு இயல்பாகத் தெரிகிறது. ஆனால் ரோமில் அவ்வளவு முன்னால் அந்த வழக்கம் இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. மேலும் இவரை மேல்குடி என்கிறார்கள், வரலாறு தெளிவாகத் தெரிய ஆரம்பிக்கிற காலத்தில் மார்சியஸ் குடும்பம் சாமானியர் குடும்பம். நெருக்கடி வந்தால் கொஞ்ச காலத்துக்கு முழு அதிகாரத்தோடு நியமிக்கிற சர்வாதிகாரி பதவிக்குச் சாமானியரிலிருந்து முதலில் வந்தவர், கி.மு. 356இல், ஒரு மார்சியஸ்தான்.

மறுபக்கமும் உண்டு. 1977இல் ரோமுக்குத் தெற்கே சாட்ரிகம் என்ற இடத்தில், கோரியோலானஸ் பிடித்ததாக லிவி சொல்கிற ஊர்களில் அதுவும் ஒன்று, ஒரு கல்வெட்டு கிடைத்தது. கி.மு. 500 வாக்கு. பொப்லியோஸ் வலேசியோஸ் என்பவரின் தோழர்கள் போர்க் கடவுளுக்குக் காணிக்கை வைத்ததாக அதில் இருக்கிறது. ஊரின் பெயரையோ நாட்டின் பெயரையோ சொல்லாமல், ஒரு தலைவனின் ஆட்கள் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். தலைவனோடு நிற்கிற இப்படிப்பட்ட படைக்கூட்டங்கள் அந்தக் காலத்தில் இருந்தன என்றால், ஒரு தளபதி ஊர் மாறிப் போய் எதிர்ப்பக்கம் நிற்பது கற்பனைக்கு எட்டாத விஷயம் இல்லை. ஆகவே என் முடிவு: பஞ்சம், கடன், வோல்ஸ்கிகள் ரோமின் வாசல்வரை வந்தது, இவை நிஜம். பக்கம் மாறிய தலைவன் ஒருவனின் நினைவும் நிஜமாக இருக்கலாம். அம்மா பேசிய பேச்சு மட்டும் எழுத்தாளர்களின் கை, அதனால் அதன் அழகு குறைந்துவிடாது.

அலங்காநல்லூர், பள்ளி மாணவி: அந்தக் காலத்தில் ரோமானியருக்கும் பாண்டியருக்கும் தொடர்பு இருந்ததா?

கோரியோலானஸ் காலத்தில் இல்லை பாப்பா. அப்போது ரோமில் காசே அடிக்கவில்லை, செம்புக்கட்டியை எடை போட்டுக் கொடுப்பார்கள். தொடர்பு வந்தது 450 வருஷம் கழித்து. பாண்டிய மன்னன் அகஸ்டஸுக்குத் தூது அனுப்பியதாகக் கிரேக்கப் புவியியல் ஆசிரியர் ஸ்ட்ராபோ எழுதுகிறார், பாண்டியன் இருக்கும் ஊர் மதுரை என்று ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதுகிறார். புதுக்கோட்டை வட்டாரத்தில் 1898இல் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன.

மதுரை ஞானஒளிவுபுரம், வாசகர்: எங்கள் பங்கிலிருந்து ரோமுக்குத் திருயாத்திரை போகிறோம். இந்தக் கதையோடு தொடர்புள்ள எதையாவது பார்க்க முடியுமா?

பார்க்கலாம். கோரியோலி எந்த இடம் என்று இன்றுவரை முடிவாகவில்லை, அதைத் தேட வேண்டாம். ஆன்டியம்தான் இன்றைய அன்சியோ, ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். இரண்டாம் உலகப் போரில் 1944 ஜனவரியில் நேசநாட்டுப் படைகள் இறங்கிய கடற்கரையும் அதே ஊர்தான், பக்கத்தில் போர்வீரர் கல்லறைகள் இருக்கின்றன. லத்தீனா சாலையின் ஒரு துண்டு ரோம் நகருக்குள்ளேயே பழைய கல் பாவிய நிலையில், இரண்டு பக்கமும் கல்லறை மண்டபங்களோடு பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அது மூன்றாவது மைலை ஒட்டிய இடம், பெண்கள் கேட்டு வாங்கிய கோயில் இருந்தது அடுத்த மைலில். தேவாலயங்களுக்கு நடுவே அரை நாள் ஒதுக்கினால் போதும். பாட்டிமார்களும் உங்களோடு வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், அவர்களையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.